மூச்சுக் கட்டத்தில் இருபது

கோலார் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியிலிருந்து போன் வந்தது. படிப்பு முடித்து வெளியே போகும் பிள்ளைகளுக்காக மலர் போடுகிறார்களாம். அனுபவசாலி என்ற முறையில் நான் நாலு அறிவுரை எழுதித் தர வேண்டுமாம். "பாசிட்டிவா இருக்கட்டும் பிரதர்" என்றார் முதல்வர் அம்மா.

ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. எண்பது வயதுக்காரர்களுக்கும் நான் பிரதர், பால் குடிக்கிற குழந்தையின் தாய்க்கும் நான் பிரதர். எங்கள் தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில், நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் மட்டும் டாக்டர் என்பார்கள். அது மரியாதை இல்லை. ஆண்பிள்ளை நர்ஸ் வேலைக்குப் போகிறான் என்று வெளியே சொல்ல என்னைவிட அவர்களுக்குக் கூச்சம் அதிகம்.

பாசிட்டிவாகவே எழுதிக் கொடுத்தேன். செருப்பில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போங்கள். மூத்திரத்தை அடக்காதீர்கள், அடக்கினவர்கள் நாற்பது வயதில் அதே வார்டில் படுத்திருக்கிறார்கள். டாக்டர் போனில் சொல்லும் மருந்தை அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுங்கள். டாக்டரைப் பகைத்துக்கொண்டால் அன்றைக்கு ஒருநாள்தான் கஷ்டம், வார்டு ஆயாவைப் பகைத்துக்கொண்டால் வருஷம் முழுக்கக் கஷ்டம். இப்படி ஒன்றரைப் பக்கம். "சூப்பர் பிரதர்" என்று பதில் வந்தது. ஆயா வரியைப் படித்திருந்தால் சூப்பர் என்றிருக்க மாட்டார்.

அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சார்ட் இருக்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்று நாலு கட்டம். வேளாவேளைக்கு நர்ஸ் அதை நிரப்ப வேண்டும். காய்ச்சலுக்குக் கருவி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குப் பட்டை இருக்கிறது. நாடியை விரலில் மாட்டுகிற கிளிப்பே சொல்லிவிடும். மூச்சுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று ஆளுக்குத் தெரியவும் கூடாது, தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும். முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு நாள் நான் அப்படித்தான் செய்தேன். பெங்களூரில் தனியார் ஆஸ்பத்திரி, முப்பத்திரண்டு கட்டில். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நான் பதினோராவது கட்டிலில் ஒரு தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார்.

"என்ன பிரதர், அவருக்கு ஜோசியம் பாக்கறீங்களா?"

"ரெஸ்பிரேஷன் எண்றேன் சிஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பசித்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "முந்தின ஷிஃப்ட்ல என்ன இருக்குன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். இருபது. அதற்கு முந்தின ஷிஃப்ட்டிலும் இருபது. பக்கத்துக் கட்டிலிலும் இருபது. வார்டு மொத்தமும் ராணுவ அணிவகுப்புபோல ஒரே கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இருபது ஒரு யோக்கியமான எண். கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை, எந்த டாக்டரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார். அன்றைக்கு மிச்சம் இருபத்தோரு பேருக்கும் நின்ற இடத்திலேயே இருபது போட்டேன். ரயிலைப் பிடித்தேன். பிறகு வந்த வருஷங்களில் மனசாட்சி உறுத்தும்போது எங்காவது ஒரு கட்டிலுக்கு இருபத்திரண்டு போடுவேன். அதையும் எண்ணிப் போட்டதில்லை. பார்வைக்கு உண்மைபோல இருக்கட்டும் என்று போட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் ஒரு நல்ல சாக்கு. மைன்ஸ் மூடின பிறகு பாதி ஊர் விடிவதற்கு முன் வண்டியேறிப் பெங்களூர் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். தடித்தடியான ரஷ்ய நாவல்களை எல்லாம் நான் அந்த வண்டியில்தான் படித்தேன். மனித உயிரின் மதிப்பு பற்றி அவற்றில் பக்கம் பக்கமாக இருக்கும். அடிக்கோடு போட்டுப் படித்துவிட்டு, போய் இருபது போடுவேன்.

இனி நைனாவைப் பற்றி. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற வேலை. மைன்ஸ் மூடுகிற வரைக்கும் போட்டார். பாறைத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. டாக்டர்கள் அதற்கு சிலிகோசிஸ் என்று பேர் சொன்னார்கள். நைனா அதை "என் பங்குத் தங்கம்" என்பார். மற்றவர்கள் படி ஏறினால் வாங்கும் மூச்சு அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கும். நர்சிங் படிக்கும்போது வீட்டுக்கு வந்தால் அவர்மேல்தான் பழகுவேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டு எண்ணுவேன். இருபத்தாறு வரும், இருபத்தெட்டு வரும். அதற்குக் கீழே ஒருநாளும் வந்ததில்லை. இது எனக்குத் தெரியும். இந்த வரியைப் படிக்கிறவர்கள் மறக்க வேண்டாம். நான் மறந்தேன்.

நாங்கள் பௌத்தக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை விகாரைக்குப் போனால் தியானத்தில் உட்கார வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். நைனா பத்து நிமிஷத்தில் எழுந்து வெளியே வந்து பீடியைத் தேடுவார். கேட்டால், "நான் இன்னாத்தக் கவனிக்கறது? அதுதான் இத்தினி வருசமா என்னியக் கவனிச்சிக்கினு கீதே" என்பார். திட்டுவதில் மன்னர். சாம்பாரில் உப்பு, அரசாங்கம், தெருவில் போகும் ஆட்டோ, என் படிப்பு என்று எதையும் விடமாட்டார். அதிகம் வாங்கியவள் என் அக்கா. அம்மா போன பிறகு அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். எட்டாவது வரை படித்தவள்.

போன வருஷம் மழை முடிந்த சமயம் நைனாவுக்குக் காய்ச்சலும் சளியும். ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் நாள் நான் கூட இருந்தேன். இரண்டாம் நாள் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. அந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கொடுக்கிற குழு வருவதாக இருந்தது. நான் இப்போது வார்டு இன்சார்ஜ். பழைய சார்ட்களில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்று உத்தரவு. அதைச் செய்து முடிக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று நம்பினேன்.

எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சார்ட்களை மேஜையில் குவித்து, நாலு பேர் உட்கார்ந்து, காலிக் கட்டங்களை நிரப்பினோம். எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வருமே என்று மூன்று விதமான நீலப் பேனா வாங்கி வைத்திருந்தேன். அவ்வளவு பொறுப்பானவன் நான்.

பதினோரு மணி இருக்கும். அக்கா கூப்பிட்டாள்.

"டேய், நைனாக்கு மூச்சு சரியில்லடா."

"எப்பவும் அப்படித்தானே அக்கா."

"எப்பவும் மாதிரி இல்ல. தோளெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது. தண்ணி குடிக்கச் சொன்னா, ரெண்டு முழுங்குக்கு நடுவுல நிறுத்தறாரு."

"டாக்டர் வந்தாரா?"

"காலைல வந்துட்டுப் போயிட்டாரு. சாயங்காலம்தான் வருவாராம்."

"போனை சிஸ்டர்கிட்ட குடு."

ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. படிப்பு முடித்து நாலு மாதம் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. நானும் நர்ஸ் என்று சொன்னதும் பரீட்சையில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "சார், டெம்பரேச்சர் நூறு, பல்ஸ் தொண்ணூத்தாறு, பிபி நூத்தி முப்பதுக்கு எண்பது, ஆக்ஸிஜன் தொண்ணூத்தொண்ணு, ரெஸ்பிரேஷன் இருபது சார்."

"எப்ப பார்த்தது?"

"எட்டு மணிக்கு சார். இப்ப பத்து நிமிஷத்துல அடுத்தது பாக்கணும்."

"குட். நீட்டா சொல்றீங்கம்மா. போனை அக்காகிட்ட குடுங்க."

அக்காவிடம் சொன்னேன்: "எல்லாம் நார்மலா இருக்கு. மூச்சு இருபதுதான். தலகாணி ரெண்டு வெச்சுச் சாய்ச்சு உட்கார வை. சும்மா பயந்து எல்லாரையும் பயமுறுத்தாதே."

அவள், "நீ காகிதத்தக் கேட்டுப் பேசற. நான் ஆளப் பாத்துப் பேசறேன்" என்றாள்.

"அக்கா, இருபத்தாறு வருஷமா இதே வேலை பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

போனை வைத்தேன். வைத்த கையால் பேனாவை எடுத்தேன். எதிரே திறந்திருந்த சார்ட்டில், யாரோ ஒருவருடைய என்றைக்கோ போன மூச்சுக்கு, இருபது போட்டேன்.

இதை வைத்து நான் பலமுறை யோசித்தாயிற்று. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது. நைனாவின் நெஞ்சில் அது வராது என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். நான் தினமும் எழுதுகிற பொய்யை இன்னொருத்தி போனில் எனக்கே படித்துக் காட்டினாள். நம்பினேன். "நீட்டா சொல்றீங்கம்மா" என்று பாராட்டு வேறு.

ஒன்றரை மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலில் பதட்டமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நைனா என்னியத் திட்டறத நிறுத்திட்டாருடா. கஞ்சிய மேல சிந்திட்டேன். ஒண்ணுமே சொல்லல. சும்மா பாக்கறாரு."

அப்போதுதான் எழுந்தேன். அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. சக பிரதர் ஒருவர் தன் காரில் கொண்டுவந்து விட்டார். அந்தச் சின்ன நர்ஸ் பெண்ணுக்கு வழியிலிருந்து போன் போட்டு, டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, ஆக்ஸிஜனை வைக்கச் சொன்னேன். வைத்திருந்தாள். நான் போய்ச் சேர நாலு மணி. மணிக்கட்டைப் பிடித்தேன். பேச்சுக் கொடுக்கவில்லை, மறைத்து எண்ணவேண்டிய அவசியம் தாண்டிவிட்டிருந்தது. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன். நாற்பத்து நாலு.

ஆம்புலன்ஸில் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். மெஷின் நிமிஷத்துக்கு இத்தனை என்று பொத்தானில் வைத்த கணக்குப்படி அவரை மூச்சு விட வைத்தது. அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷர். "காலையிலேயே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் காலை நைனா போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, பென்ஷன் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களுக்காக அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நானும் அக்காவும் போனோம். மேட்ரன் நைனாவின் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா அதைப் புரட்டினாள். அவள் புரட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை. மூச்சு என்ற கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாது இது, எல்லாத்துலயும் இருபது? ரெண்டு நாளா ஒரே மாதிரியா மூச்சு விட்டாரா அவரு?"

மேட்ரன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். வந்து நின்றாள். தொப்பியில்லாத தலை, புதுச் செருப்பு, உயிரே இல்லாத முகம்.

"எண்ணினியாமா?" என்று கேட்டாள் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இல்லக்கா."

"பின்ன எப்பிடி எழுதின?"

"முன்னாடி ஷிஃப்ட்ல அப்படி இருந்துச்சுக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், கம்ப்ளைண்ட் எழுது. நீதான் இங்கிலீஷ்ல எழுதுவியே."

"வேணாங்க்கா. சின்னப் பொண்ணு. வாழ்க்கை போயிடும்."

மேட்ரன் கைகூப்பினார். "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். மனசு ஒன்றும் பெரிசில்லை. புகார் என்று ஒன்று போனால் விசாரணை வரும். விசாரணையில் என்னைக் கூப்பிடுவார்கள். உங்கள் வார்டில் மூச்சை எப்படி எண்ணுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். வராமலும் போகலாம். வருமோ என்ற பயம் போதும், ஒருவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அக்கா விடவில்லை. "எண்ணாம எழுதறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு இடத்தில் மட்டும் முடியவில்லை. "தெரியும். நாங்களும் அப்படித்தான். நானும் அப்படித்தான்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அன்னிக்குப் போன்ல நீ இன்னாத்தக் கேட்டுட்டுடா நார்மல்னு சொன்ன?"

ஆட்டோ வந்தது. அவள் மட்டும் ஏறிப் போனாள். இப்போதும் பேசுகிறாள். கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது, விகாரையில் வருஷ நினைவுக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் பேசுகிறாள். திட்டுவது மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் திட்டு நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கிடைத்தது. ஆவணங்கள் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகின்றன என்று குழுவினர் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு நுழைவாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

நான் இப்போது எண்ணுகிறேன். திருந்திவிட்டேன் என்று யாரும் கைதட்ட வேண்டாம். இன்சார்ஜ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எண்ணினாலும் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பேருக்குமேல் முடிவதில்லை. மிச்சக் கட்டங்களைக் காலியாக விடுகிறேன். என் கீழே வேலை செய்கிறவர்களையும் விடச் சொல்லியிருக்கிறேன். காலி என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள், அடுத்து வருகிறவர் போய்ப் பார்ப்பார். இருபது என்றால் யாரும் போக மாட்டார்கள். இதை விளக்கி நிர்வாகத்துக்கு எழுதினேன். பதிலாக மெமோ வந்தது: சார்ட் முழுமையாக நிரப்பப்படவில்லை. இதுவரை மூன்று மெமோ.

ஆக, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என் அறிவுரை இவ்வளவுதான். எண்ணுங்கள். முடியாவிட்டால் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் யாரையும் கொல்லாது, மெமோதான் வரும்.

இதை ஒருமுறை நேரிலும் சொல்லிப் பார்த்தேன். போன மாதம் காலை வண்டியில் கோரமண்டல் ஸ்டேஷனில், நைனாவின் சார்ட்டில் இருபது போட்ட அந்தப் பெண் ஏறினாள். என்னைப் பார்த்ததும் அடுத்த பெட்டிக்குப் போக நினைத்தாள், கூட்டத்தில் முடியவில்லை. எதிரே வந்து நின்றாள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகிறதாம்.

நானாக எதுவும் கேட்கவில்லை. அவளேதான் சொன்னாள்: "இப்ப எண்றேன் சார்."

"எத்தனை கட்டிலும்மா?"

"இருபத்தெட்டு சார்."

"எல்லாருக்குமா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ரொம்ப முடியாம இருக்கறவங்களுக்கு, வயசானவங்களுக்கு எல்லாம் எண்ணிடுவேன் சார். சத்தியமா."

"மத்தவங்களுக்கு?"

"இருபது சார்" என்றாள்.

"காலியா விடும்மா. நான் அப்படித்தான் விடறேன்."

"மெமோ குடுப்பாங்களே சார்."

"குடுப்பாங்க. எனக்கு மூணு குடுத்திருக்காங்க. ஒண்ணும் ஆகல பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். அதில் மரியாதைக் குறைவு இல்லை, கோபமும் இல்லை. "நீங்க இன்சார்ஜ் சார்" என்றாள். "நான் இன்னும் புரொபேஷன்ல கீறேன். ஒரு மெமோ வந்தா அனுப்பிடுவாங்க."

குனிந்து, எந்த ஸ்டேஷன் வருகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி பங்காருப்பேட்டையில் நின்றது. கூட்டம் ஏறி எங்களுக்கு நடுவில் நின்றது. அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.